எம் குறியின் மகிமை

போட்டோ எடுக்கும் கலையைப் பயில வருகிற இளைஞர்களிடையேயும், அவர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிற பெரியவர்கள் பலரிடையேயும், ஒரு சமயாசாரம் போலவே வேரூன்றிவிட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. காமிராவின் தலையில் இருக்கும் வட்டத் திருகை மேனுவலைக் குறிக்கும் 'எம்' என்ற எழுத்துக்கு நேரே நிறுத்தி, அபர்ச்சரையும் ஷட்டர் வேகத்தையும் தன் விரலாலேயே திருப்பி வைத்துப் படம் எடுக்கிறவன்தான் போட்டோகிராபர். அந்தத் திருகை வேறு எழுத்துக்களில் நிறுத்துகிறவன் பொத்தானை அமுக்கத் தெரிந்தவனேயன்றி வேறல்ல என்பதே அது. ஒரு படத்தைக் கையில் கொடுத்தால், அதில் இருக்கும் முகத்தையும் ஒளியையும் பார்ப்பதற்கு முன்னால், "மேனுவல்லதான் எடுத்தீங்களா?" என்று விசாரித்து, ஆம் என்ற பதில் கிடைத்த பிறகே ரசிக்கத் துணிகிறவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கல்யாண மண்டபத்தில் மூத்த போட்டோகிராபருக்குப் பின்னால் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பையனுக்குக்கூட முதலில் போதிக்கப்படும் மந்திரம் இதுதான். மனம் செய்ய வேண்டிய காரியத்தை விரல் செய்துவிட்டதாக எண்ணிச் சந்தோஷப்படுகிற இந்த மயக்கம், கலையை வளர்க்கவில்லை என்பது மட்டுமல்ல, கற்க வருகிறவனைக் கற்க வேண்டிய இடத்திலிருந்தே திசைதிருப்பிவிடுகிறது என்பது என் கட்சி.

எக்ஸ்போஷர் என்று இந்தத் தொழிலில் சொல்லப்படுவது, படம் பதிகிற பரப்பின்மேல் மொத்தம் எவ்வளவு ஒளி விழுந்தது என்கிற கணக்குதான். எதிரே இருக்கும் காட்சியின் ஒளி எவ்வளவோ அவ்வளவு. அதில் அபர்ச்சர் என்னும் லென்ஸின் துவாரம் எவ்வளவை உள்ளே விடுகிறதோ அவ்வளவு. ஷட்டர் எத்தனை நேரம் திறந்திருக்கிறதோ அத்தனை நேரம். 50 மில்லிமீட்டர் லென்ஸில் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள துவாரத்தைத் திறந்தால் அதற்கு எஃப் 2 என்று பெயர், அங்கிருந்து 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று படிப்படியாக எண் ஏறும்போது, ஒவ்வொரு படிக்கும் துவாரத்தின் பரப்பு பாதியாகக் குறைந்துகொண்டே போகிறது. அந்தப் படிக்கு ஸ்டாப் என்று பெயர். ஷட்டரிலும் நொடியில் 125-இல் ஒரு பங்கு, 250-இல் ஒரு பங்கு என்று அதே பாதிக் கணக்குதான். இந்த இரண்டோடு ஐ.எஸ்.ஓ.வையும் சேர்த்து ஒரு முக்கோணம் வரைந்து, மூன்றும் சமமான மூன்று பக்கங்கள் என்று உபதேசிப்பது இப்போதைய சம்பிரதாயம். டிஜிட்டல் காமிராவில் ஐ.எஸ்.ஓ. என்பது விழுந்து முடிந்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்கிற விஷயமேயன்றி, ஒரு துளி ஒளியைக்கூட அது கூடுதலாக உள்ளே கொண்டு வருவதில்லை என்பதை அந்த முக்கோணம் சொல்வதில்லை. அது போகட்டும். எஃப் 5.6-உம் 250-இல் ஒரு பங்கு நொடியும் ஒரு படத்துக்கு அமைந்துவிட்டன என்றால், அவற்றை யந்திரம் அமைத்ததா, மனிதன் அமைத்தானா என்பது உள்ளே விழுகிற ஒளிக்குத் தெரியாது. அச்சாகி வருகிற படத்திலும் அதற்கு எந்த அடையாளமும் இராது.

ஆகவே விவகாரமெல்லாம், அந்த எண்களை எதை ஆதாரமாக வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. காமிராவுக்குள் இருக்கும் மீட்டர், எதிரே உள்ள பொருளிலிருந்து திரும்பி வருகிற ஒளியை மட்டுமே அளக்கும். அந்தப் பொருள் இயல்பிலேயே வெண்மையானதா, கருமையானதா என்று அதற்கு எவரும் சொல்லி வைக்கவில்லை. வெண்மையான பொருள்மேல் மங்கிய ஒளி விழுந்தாலும், கருமையான பொருள்மேல் கடும் வெயில் விழுந்தாலும் திரும்பி வருவது ஒரே அளவாக இருக்கக்கூடும். இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்கு மீட்டர் செய்தவர்கள் ஓர் அனுமானத்தை அதற்குள் வைத்தார்கள்: உலகத்தில் உள்ள காட்சிகளையெல்லாம் சராசரியாக்கினால் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் வரும், எதிரே இருப்பது எதுவாயினும் அதை அந்தச் சாம்பலாக எண்ணி அளந்துவிடுவது. தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் சாம்பல் நிற அட்டையைப் போட்டோக்காரர்கள் அளவுகோலாக வைத்துக்கொள்வது இதனால்தான். வருகிறவர் யாராயினும் எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டையைத் தைத்துக் கொடுக்கிற தையற்காரனைப் போல, மீட்டர் தன்முன் வருகிற எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறத்தையே தைத்துக் கொடுக்கிறது. ஒரு சலவை வேட்டியை மட்டும் காட்சி நிறையும்படி எடுத்துப் பாருங்கள், சாம்பல் வேட்டி வரும்; கறுப்புக் குடையை அப்படியே எடுங்கள், சாம்பல் குடை வரும்.

இப்போது நம்முடைய எம் குறி பக்தர் என்ன செய்கிறார் என்று கவனிக்க வேண்டும். காமிராவைக் கண்ணருகே கொண்டு போகிறார். உள்ளே ஓர் அளவுகோல் தெரிகிறது. நடுவில் பூஜ்யம், இடப்புறம் குறைவு, வலப்புறம் மிகுதி. அந்தச் சின்ன முள் பூஜ்யத்தில் வந்து நிற்கிறவரைக்கும் விரலால் சக்கரத்தைத் திருப்புகிறார். நின்றதும் பொத்தானை அமுக்குகிறார். சக்கரத்தைத் திருப்பியது அவர்தான். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது அதே மீட்டர், அதே அனுமானம், அதே சாம்பல். தானியங்கி முறையில் விட்டிருந்தால் ஒரு மின்சுற்று இதே வேலையை ஒரு கணத்தில் செய்திருக்கும்; இவர் இரண்டு நொடி தாமதமாக, நெற்றி வியர்க்கச் செய்தார் என்பதைத் தவிர வித்தியாசம் யாதொன்றும் இல்லை. வேட்டியும் குடையும் அவர் கையிலும் சாம்பலாகத்தான் வரும். இதை மேனுவல் என்று அழைப்பதைவிட, மனிதனைக்கொண்டு ஓட்டப்படும் ஆட்டோ என்று அழைப்பது பொருத்தமாக இருக்கும்.

இதைவிட விநோதமான வகை ஒன்றும் உண்டு. அபர்ச்சரையும் ஷட்டரையும் எம் குறியில் தாமே வைத்துக்கொண்டு, ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஆட்டோவில் விட்டுவிடுகிறவர்கள் அவர்கள். அது சௌகரியமான முறை. ஓடுகிற பிள்ளைகளையும் பறக்கிற பறவைகளையும் எடுக்கிறவர்கள் அறிந்தே கையாளுகிற முறை. அதைக் குறை சொல்ல எனக்கு நியாயமில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் படத்தின் வெளிச்சத்தை முடிவாகத் தீர்மானிப்பது முழுக்க முழுக்க மீட்டர்தான் என்பதை உணராமல், நான் மேனுவல் தவிர வேறு தொடுவதில்லை என்று பெருமை பேசுவதைக் கேட்கும்போது சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

இந்த மயக்கத்தின் விலையை மிக அதிகமாகக் கொடுக்கிறவர்கள் நம் கல்யாண வீட்டுக்காரர்கள். மேற்கத்திய நாட்டில் மணமகன் கறுப்புக் கோட்டு அணிகிறான். அவன் முகம் வெளுப்பு. நம் மணமகன் அணிவது வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும். முகம் மாநிறமோ, கருமையோ. சலவை வேட்டி மீட்டரின் சாம்பலைவிட ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் வெளிச்சமானது. கருத்த முகம் அந்தச் சாம்பலைவிட ஒரு ஸ்டாப் போலக் கீழே நிற்பது. இரண்டுக்கும் இடையில் மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு வித்தியாசம். மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர் வேட்டி சட்டையில் வரிசையாக வந்து நிற்கும்போது காட்சி முழுவதையும் வெண்மை ஆக்கிரமித்துக்கொள்ள, மீட்டர் அந்த வெண்மையைச் சாம்பலாக்குவதற்காக ஒளியைக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. வேட்டி அழுக்காகிறது, முகங்கள் இருட்டில் மூழ்குகின்றன. அடுத்த நிமிஷமே மணமகனின் முகத்தை மட்டும் நெருங்கி எடுத்தால், காரியம் தலைகீழாகிறது. கருமையை மீட்டர் சாம்பலாக உயர்த்த, அவன் நிறமே ஒரு சோகை பிடித்த வெளுப்பாக மாறிவிடுகிறது. ஒரே மேடை, ஒரே விளக்கு, ஒரே மனிதன். ஆல்பத்தில் இரண்டு ஆட்கள். முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து எடுத்த மேனுவல்காரரின் ஆல்பத்திலும் இந்த இரட்டையர் இருப்பார்கள். பிற்பாடு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எல்லா முகங்களையும் ஒரேயடியாக வெளுக்கச் செய்து தப்பித்துக்கொள்வது இன்றைய வழக்கம். நிறத்தைப் பற்றி நம் சமூகத்துக்கு இருக்கும் பழைய நோயும் இதற்கு ஒத்துழைப்பதால், யாரும் ஆட்சேபிப்பதில்லை. கொடாக் நிறுவனம் வண்ணப் படம் அச்சிடும் கூடங்களுக்கு நிறத்தைச் சரிபார்க்கும் பொருட்டு அனுப்பிய ஷர்லி அட்டைகளில் நெடுங்காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்தது என்பதைக் கண்டிக்கிற நாம், நம் ஊர் முகத்துக்கு எத்தனை ஸ்டாப் என்று நாமே கற்றுக்கொள்ளாமல் இருப்பதை என்னவென்பது?

இப்போது வருகிற காமிராக்கள் காட்சிக்குள் முகத்தைக் கண்டுபிடித்து அதற்குத் தக்கபடி அளக்கப் பார்க்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1983-இல் நிக்கான் எஃப்.ஏ. காமிரா காட்சியைப் பல கூறுகளாகப் பிரித்து அளந்து, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முடிவு செய்யும் முறையைக் கொண்டுவந்த நாளிலிருந்தே யந்திரத்தின் ஊகம் நயமாகிக்கொண்டு வருகிறது. ஆனாலும் அது ஊகமே. மணமகனின் முகம் இன்ன நிறமாகத் தோன்ற வேண்டும் என்பது ஊகிக்கிற விஷயமல்ல, தீர்மானிக்கிற விஷயம். அப்படித் தீர்மானித்தவனுக்கு வழிகள் பல. அபர்ச்சரைத் தான் வைத்து ஷட்டரை யந்திரத்துக்கு விடுகிற முறையிலேயே, ஈடுசெய்யும் பொத்தானால் ஒன்றரை ஸ்டாப் ஏற்றிக்கொள்ளலாம். முகத்துக்கு அருகில் சாம்பல் அட்டையைப் பிடித்து அதை அளக்கலாம். அல்லது சினிமா ஒளிப்பதிவாளர்கள் செய்வது போல, பொருளிலிருந்து திரும்பும் ஒளியை விட்டுவிட்டு, பொருளின்மேல் விழுகிற ஒளியையே வெள்ளைக் குமிழ் வைத்த கைமீட்டரால் அளந்துவிடலாம். அந்த மீட்டரை எந்த வேட்டியும் ஏமாற்ற முடியாது. சினிமாவில் அபர்ச்சரை மனிதன் கணக்கிட்டு வைப்பதுதான் மரபு. ஆயினும் 'நாயகன்' படத்துக்காக 1987-ஆம் ஆண்டின் தேசிய விருதைப் பெற்ற ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமை, மேனுவலில் எடுத்தவர் என்று எவரும் பாராட்டியதாக நான் கேட்டதில்லை. நிழலை எங்கே விட்டார், எவ்வளவு விட்டார் என்பதைப் பற்றித்தான் பேசினார்கள்.

எம் குறிக்காரர்கள் தங்கள் கட்சிக்கு ஆதாரமாகத் தவறாமல் எடுத்துக்காட்டும் புராணம் ஒன்று உண்டு. 1941-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாகாணத்தில், ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் அருகே மாலை வேளையில் காரில் வந்துகொண்டிருந்த போட்டோகிராபர் ஆன்ஸல் ஆடம்ஸ், கிழக்கே நிலவு எழுந்திருப்பதையும், மேற்கே மறையப்போகும் சூரியனின் கடைசி ஒளி கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளின்மேல் விழுந்திருப்பதையும் கண்டு, காரை நிறுத்தி, எட்டுக்குப் பத்து அங்குலப் பெரிய காமிராவை அவசர அவசரமாக நிறுத்தினார். லைட் மீட்டரைத் தேடினார், கிடைக்கவில்லை. நிலவின் ஒளிர்வு ஒரு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவுக்கு வந்தது. அதை ஆதாரமாகக் கொண்டு மனத்திலேயே கணக்கிட்டு, போட்டிருந்த மஞ்சள் ஃபில்டருக்கு மும்மடங்கு சேர்த்து, எஃப் 32-இல் ஒரு நொடி என்று தீர்மானித்து எடுத்தார். இரண்டாவது பிலிமுக்குத் தயாராவதற்குள் சிலுவைகளின்மேல் இருந்த வெயில் போய்விட்டது. உலகப் பிரசித்தி பெற்ற அந்தப் படத்தின் கதை இது. பார்த்தீர்களா, மீட்டர் இல்லாமல் எடுத்தார் என்று நம் நண்பர்கள் மார்தட்டுகிறார்கள்.

ஆனால் கதையைச் சற்று நிதானமாகப் படித்தால் அது அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. ஆடம்ஸ் மீட்டரை வெறுத்து ஒதுக்கியவரல்ல, ஆசையோடு தேடியவர். அது கிடைக்காதபோது அவரைக் காப்பாற்றியது விரல் சாமர்த்தியம் அல்ல. நிலவு என்பது வெயிலில் கிடக்கும் ஒரு கல் என்ற அறிவு, அதன் ஒளிர்வு எத்தனை என்ற ஞாபகம், அந்த ஒளிர்வைப் படத்தில் எந்த இடத்தில் வைத்தால் அதன் வெண்மை சிதையாது என்ற முன்தீர்மானம். பிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து அவர் வகுத்த ஸோன் முறையின் சாரம் முழுவதும் இதுதான். காட்சியில் உள்ள ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு, அது படத்தில் இத்தனையாவது படியில் விழ வேண்டும் என்று எடுப்பவன் நிச்சயிப்பது. மீட்டர் சொல்கிற சாம்பலான ஐந்தாவது படியை ஆரம்பமாக மட்டும் வைத்துக்கொண்டு, நிலவை ஏழாவது படிக்கும் நிழலை மூன்றாவது படிக்கும் அனுப்புவது. இன்றைக்கு மொட்டை மாடியில் நின்று பௌர்ணமி நிலவை எடுக்கிறவர்கள், கறுத்த வானத்தை மீட்டர் சாம்பலாக்க முயல்வதால், வெள்ளைப் பொட்டு ஒன்றைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல் திரும்புகிறார்கள்; எம் குறியில் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தவர்களுக்கும் அதே பொட்டுதான். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் எஃப் 11-இல் ஏறத்தாழ 100-இல் ஒரு பங்கு நொடி என்ற பழைய வாய்பாட்டை அறிந்தவனுக்கு நிலவின் கறைகள் தெளிவாகக் கிடைக்கின்றன.

அப்படியானால் இந்த எம் மோகம் எங்கிருந்து வந்தது? பொத்தானை அமுக்கினால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கொடாக் நிறுவனம் 1888-இல் விளம்பரம் செய்த காலத்திலிருந்தே, தொழிலை வயிற்றுக்காகச் செய்கிறவனுக்கும் பொழுதுபோக்குக்காகச் செய்கிறவனுக்கும் நடுவே ஒரு வேலி தேவைப்பட்டிருக்கிறது. 1938-இல் அதே நிறுவனத்தின் சூப்பர் சிக்ஸ்-20 காமிரா செலினியக் கலத்தைக்கொண்டு அபர்ச்சரைத் தானே அமைத்துக்கொண்டது. 1976-இல் வந்த கேனான் ஏ.இ.-1 அந்த வசதியைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு வந்த பென்டாக்ஸ் கே-1000 முழுக்கக் கையால் இயங்குவதாக இருந்தபடியால் பள்ளிக்கூடங்கள் பலவற்றின் பாடக் காமிராவாயிற்று. யந்திரம் எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் வேலியை வேறெங்காவது போட்டாக வேண்டுமல்லவா? நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் இரட்டை லென்ஸ் யாஷிகாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, உதகமண்டலத்தில் செய்த 'இந்து' என்ற பிலிமைப் போட்டு, நிழலின் விளிம்பு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று தரையைப் பார்த்தே எஃப் எண்ணைச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. கையால் வைத்தது விரதம் பூண்டதனால் அல்ல. அவர்கள் கையிலிருந்த காமிராவில் வேறு வழி இல்லாததனால். அவர்களிடமிருந்து நாம் சுவீகரிக்க வேண்டியது தரையைப் பார்த்த அந்தக் கண்ணை. சுவீகரித்ததோ சக்கரத்தைத் திருப்பிய விரலை.

மேனுவல் முறையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது இன்றியமையாத சந்தர்ப்பங்கள் பல உள்ளன. மார்கழியில் சபா மேடையில் பரதநாட்டியம். பின்னே கறுப்புத் திரை, நர்த்தகியின்மேல் மாறாத விளக்கு. அவள் மேடையில் நகர நகரத் திரையின் கருமை காட்சிக்குள் கூடியும் குறைந்தும் மீட்டரை அலைக்கழிக்கும். முகத்துக்குரிய அளவை ஒரு தடவை நிச்சயித்து எம் குறியில் பூட்டிவிட்டால், விளக்கு மாறுகிறவரைக்கும் அதைத் தொட வேண்டியதில்லை. ஸ்டூடியோ பிளாஷ் இன்னொன்று. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்து மறையப்போகிற ஒளியைக் காமிராவின் சாதாரண மீட்டர் முன்கூட்டி அறிய வழியில்லை. ஆனால் கோபுர வாயிலின் நிழலிலிருந்து உச்சி வெயிலுக்குள் உற்சவர் வெளிப்படுகிற கணத்தில், அங்கும் விரல்தான் திருப்பும் என்று பிடிவாதம் பிடித்து, சக்கரத்தை நாலைந்து ஸ்டாப் உருட்டி முடிப்பதற்குள் பல்லக்கைத் தவறவிடுகிறவனை என்ன சொல்வது? அந்த இடத்தில் யந்திரத்தின் கையில் வேகத்தைக் கொடுத்துவிட்டு, பட்டுக் குடையின் வெண்மைக்காக ஒரு ஸ்டாப் ஏற்றி வைத்திருக்கிறவனே விவேகி.

இதற்கெல்லாம் அவர்கள் தரும் கடைசிப் பதில், கற்கும் பருவத்திலாவது மேனுவல் அவசியம் என்பது. பாதி உண்மை. ஷட்டரை நீட்டினால் அருவி பட்டாக நீள்வதையும், அபர்ச்சரைத் திறந்தால் பின்புலம் கரைவதையும் தன் கையால் செய்து பார்ப்பது மாணவனுக்கு நல்லதுதான். ஆனால் அவன் அங்கே கற்றது யந்திரத்தின் குணங்களை, ஒளியை அல்ல. ஒளியைக் கற்பிக்க விரும்புகிற ஆசிரியர் அவனிடம் ஒரு வெள்ளைச் சுவரையும் ஒரு கறுப்புக் குடையையும் ஒரு மனித முகத்தையும் கொடுத்து, மூன்றும் தத்தம் நிறத்தில் வருமாறு எடுத்துவா, எந்தக் குறியில் எடுத்தாய் என்று கேட்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பட்டும்.

தவிரவும், மேனுவலின் கடினம் என்று சொல்லப்பட்டதே இப்போது மறைந்துகொண்டிருக்கிறது. மிரர்லெஸ் எனப்படும் கண்ணாடியில்லாத புதிய காமிராக்களின் காட்சித் திரை, பொத்தானை அமுக்குவதற்கு முன்பே படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று காட்டிவிடுகிறது. சக்கரத்தைத் திருப்பத் திருப்பத் திரை மங்கும், பிரகாசிக்கும். பத்து வயதுப் பிள்ளையும் எம் குறியில் எடுத்துவிடலாம். வேலி இவ்வளவு தாழ்ந்துவிட்டதைக் கண்டதாலோ என்னவோ, இதே கூட்டத்தார் புதிதாக வேறொரு விரதத்தைப் பிரசாரம் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள்: எடுத்தது எடுத்தபடியே இருக்க வேண்டும், பிறகு ஒரு மாற்றமும் செய்யக் கூடாதாம். அதற்கும் ஆடம்ஸ் பெயரையே இழுக்கிறார்கள். அந்த ஹெர்னாண்டஸ் நெகடிவின் கீழ்ப்பகுதி மெலிந்திருந்ததனால் 1948-இல் அவர் அதை ரசாயனத்தில் தோய்த்துச் செறிவேற்றினார் என்பதையும், வருஷங்கள் செல்லச் செல்ல அச்சுக்கு அச்சு அந்த வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கிக்கொண்டே போனார் என்பதையும் இவர்களிடம் யாராவது சொல்லியாக வேண்டும்.